பாயும் சிறுத்தை

“காது சார். பல்லைப் பார்த்து யாரும் பயப்படுறதில்ல. காதைப் பார்த்துத்தான்,” என்றேன்.

விசாரணை அதிகாரி தலையாட்டினார். அறை மூலையில் என் தங்கை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இருபத்திரண்டு வருடமாக அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பாடம் செய்கிறேன். தோலுக்குள் உருவம் வைத்துத் தைத்து, கண்ணாடிக் கண் பதிப்பேன். மான், ஆந்தை, நீர்நாய் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. பாயும் சிறுத்தை மட்டும் என் மானத்தை வாங்கியது. “அம்மா, கொட்டாவி விடுது பாரு,” என்றது ஒரு குழந்தை. மொத்தக் கூட்டமும் சிரித்தது. காதை நான் நிமிர்த்தி வைத்திருந்தேன். பாய்கிறபோது அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தவை எல்லாம் செத்தவை.

பக்கத்து உயிரியல் பூங்காவில் சிறுத்தையைக் கவனித்துக்கொண்டவர் என் தங்கை கணவர். “என்ன மச்சான், உங்க பூனை இன்னும் தூங்கி எழலையா?” என்று கேட்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு மாதம் நோட்டும் பென்சிலுமாகக் கம்பிக்கு வெளியே உட்கார்ந்தேன். சிறுத்தை தின்றது, தூங்கியது. அன்று காலை, பூங்கா திறக்கும் முன், அதை உள்ளறையில் அடைத்துவிட்டு அவர் துடைப்பத்தோடு வெளிக்கூண்டைக் கழுவப் போனார். நடுக் கதவைத் தூக்கும் சங்கிலி என் பக்கம் இருந்தது. ஒரு சாண் தூக்கினால் தலையை மட்டும் நீட்டும் என்று கணக்குப் போட்டேன். நான் தோலை அளந்தே பழகியவன். உயிருள்ள உடம்பு எவ்வளவு நெளியும் என்று அன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்து அவர்மேல் பாய்ந்தபோது காது பின்னால் போனது. தட்டையாகிப் பிடரியோடு ஒட்டிக்கொண்டது. ஐந்து படம் வரைந்தேன். ஒவ்வொன்றின் கீழும் தேதியும் நேரமும் குறிப்பது என் வழக்கம். அதை வைத்துத்தான் இந்த அதிகாரி என்னைப் பிடித்தார். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஆறு நிமிடம். தண்ணீர்க் குழாய் என் காலடியில் கிடந்தது. பீய்ச்சியிருந்தால் சிறுத்தை விலகியிருக்கும். கதவைத் தூக்கியது நான். குழாயை எடுக்காததும் நான்.

காதைத் திருத்தி வைத்தபின் என் சிறுத்தைமுன் யாரும் சிரிப்பதில்லை. குழந்தைகள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிகின்றன. ஆனால் தூசி தட்டக் கிட்டே போனால், பிளந்த அந்த வாய்க்குள்ளிருந்து “மச்சான்” என்று கேட்கிறது. திட்டுகிற குரல் இல்லை. கை கொடுக்கச் சொல்லிக் கூப்பிடுகிற குரல். தொண்டையில் பஞ்சு வைத்து அடைத்தேன். பிறகும் கேட்கிறது.

இதைச் சொன்னதும் தங்கை எழுந்து வந்தாள். என் முன்னால் குனிந்து, காய்ச்சலில் கிடப்பவனிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“அண்ணே, வரைய உக்காந்தா உனக்கு வேற எதுவுமே தெரியாதுல்ல? சின்ன வயசுலேருந்தே நீ அப்படித்தானே. அவர் கூப்பிட்டது அன்னைக்கு உனக்குக் கேக்கலைன்னு... அது ஒண்ணை மட்டும் சொல்லிடுண்ணே.”