விளக்கு எரிஞ்ச வீடுகள்

— இருங்கம்மா, இருங்க. அன்னிக்கு வெள்ளம் வந்து டெலிபோன் ஆபீஸ் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. கூட வேலை பாத்த ஆபரேட்டருங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் போகல?

— எப்படிப் போறது? போர்டுல விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு விளக்கும் ஒரு வீடு, கேட்டுக்கோ. ஒருத்தர் 'ஹலோ, ஹலோ'ன்னு கத்துறப்போ செருப்ப மாட்டிக்கிட்டுக் கிளம்ப முடியுமா?

— போர்டுன்னா என்னன்னு கேக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. மைக்க ஒட்டியே பேசுங்கம்மா.

— அந்தக் காலத்து டெலிபோன் ஆபீஸ்ல சுவர் அகலத்துக்கு ஒரு பலகை, பூரா ஓட்டை. யாராவது போன எடுத்தா விளக்கு எரியும். வயர சொருகி, எந்த நம்பர்னு கேட்டு, இன்னொரு ஓட்டையில சொருகணும். கை ரெண்டு, வாய் ஒண்ணு, அவ்ளோதான் வேலை.

— எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?

— காலைல ஏழு மணிக்கு உக்காந்தேன். மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் படகு வந்துச்சு.

— முப்பது மணி நேரம்!

— அணையத் திறந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆத்தங்கரை நம்பர் ஒண்ணு விடாம நானே அடிச்சேன். 'மாடிக்கு ஏறுங்க'ன்னு. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், மாடிச் சாவி கிளார்க்கிட்ட இருக்குங்கிறார்! பூட்ட உடைங்க சார், யாராச்சும் கேட்டா டெலிபோன்காரி சொன்னான்னு சொல்லுங்கன்னேன்.

— உடைச்சாரா?

— உடைச்சார். அறுபது பிள்ளைங்க, கேட்டுக்கோ.

— எனக்குப் புல்லரிக்குதும்மா. ஆனா டெலிபோன் இலாகா போட்ட புத்தகத்துல உங்க பேரே இல்ல. என்ஜினியர் ஒருத்தர் தன்னந்தனியா ஊரக் காப்பாத்தினார்னு ஒரு பக்கம் இருக்கு. மெடல் வாங்கியிருக்கார்.

— அவர் அன்னிக்கு லீவு. அந்தப் படகுலதான் வந்தார். போர்டு முன்னாடி நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, பேர் கேட்டாங்க, சொன்னார். நான் மாடிப்படியில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தேன்.

— அடப்பாவி! அப்புறம் எப்பவாவது அந்த ஆள நேர்ல பாத்தீங்களா?

— தினமும் பாக்கிறேன். அடுத்த வருஷமே அவரத்தான் கட்டிக்கிட்டேன். உள்ள துணி மடிச்சிட்டிருக்கார்.

— ஐயோ, மன்னிச்சுக்கோங்கம்மா!

— மிஷின நிறுத்து. இந்த இடத்த வெட்டிடு.

— நிறுத்திட்டேன். ஆனா இது இல்லன்னா கதையே பாதிதாம்மா. வீட்டுல இதப் பத்திப் பேசினதே இல்லையா?

— முப்பத்தெட்டு வருஷமா ரெண்டு பேரும் வாயத் திறக்கல. முதல் நாள் உண்மையச் சொல்ல அவருக்குத் தைரியம் வரல. நாள் ஆக ஆக வாய்ல பூட்டு விழுந்துடுச்சு. யாராச்சும் மெடலப் பத்திப் பெருமையாப் பேசினா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவார். மத்தபடி தங்கமான மனுஷன். ஊர் முன்னாடி அவரத் தலை குனிய வைக்க மாட்டேன்.

— சரிம்மா. நீங்க சொன்னா வெட்டிடறேன். அப்ப அந்த மெடலப் பத்தியே பேச்சு வராது.

— ஆமா, கேக்கணும்னு இருந்தேன். என்கூட வேலை பாத்தவங்க இப்ப எங்கெங்கயோ இருக்காங்க. என்னப் பத்தி உனக்கு யார் சொன்னது?

— எங்க ரேடியோ ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் வந்துச்சு. பேர் போடல. பழைய சிநேகிதி யாரோன்னு நினைச்சேன். இருங்க, பையிலதான் இருக்கு. 'புத்தகத்தில் இருப்பது பொய். வெள்ளத்தன்று போர்டில் உட்கார்ந்திருந்தவர் இந்த விலாசத்தில் இருக்கிறார். தானாகச் சொல்ல மாட்டார். போய்க் கேளுங்கள்.'

— குடு, பாப்போம்.

— யார் எழுத்துன்னு தெரியுதாம்மா?... அம்மா? ஏன் கண்ணு கலங்குது?

— மிஷினப் போடு கண்ணு. ஏங்க! துணியெல்லாம் அப்புறம் மடிக்கலாம், ஒரு நாற்காலியத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க, இந்தப் பொண்ணுகிட்ட மிச்சத்த நீங்களே சொல்லுங்க.