வரவேற்பு மேசைக்கு மேல் தொங்கிய விளக்கு

முதல் தாளில் கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்தொன்று. கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகக் கணினியில் படம் வரையும் வேலை செய்து வருகிறேன். கணவரோடும் மாமியாரோடும் குடியிருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கூரைப் படங்கள் என் பொறுப்பு. கூரைப் படம் என்பது, தரை முழுக்கக் கண்ணாடி விரித்துக் குனிந்து பார்த்தால் மேலே உள்ளவை எப்படித் தெரியுமோ அப்படி வரைவது. பீம்கள், பொய்க்கூரையின் கட்டங்கள், விளக்குகள், காற்று வரும் துளைகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில், அதாவது அடுக்கில், போடுவோம். வேண்டாத லேயரை அணைத்து வைக்கலாம். அணைத்தாலும் அது படத்தில் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது.

சம்பவம் நடந்த கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு நான்தான் கூரைப் படம் வரைந்தேன். அந்தக் கூடத்தின் மேல்தளம், கனம் குறைவதற்காக பீம்களுக்கு நடுவே உள்ளீடற்ற கற்களை அடுக்கிப் போட்டது. ஆகவே கனமான எதையும் பீமில்தான் தொங்கவிட வேண்டும். நடுவில் வரவேண்டிய இரும்பு வளைய விளக்கு நூற்றிருபது கிலோ. முதல் படத்தில் அதை பீமில்தான் வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை முற்பகல், எங்கள் முதலாளியான கட்டடக் கலைஞர் என் மேசைக்கு வந்து, "விளக்கு ரிசப்ஷன் மேசைக்கு நேரா வரணுமாம். தள்ளிப் போட்டு உடனே அனுப்பிடும்மா" என்றார். நான் விளக்கை ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினேன். கட்டங்களோடு சேர்ந்து கோடுகள் குழம்புகின்றன என்று பீம் லேயரை முந்தைய வாரமே அணைத்து வைத்திருந்தேன். அதைத் திரும்பப் போடவில்லை. திரையில் விளக்கு கட்டத்தின் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் பிறகு படத்தை மின்வேலை எடுத்தவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

அந்தக் கட்டடத்தில் மின்வேலை எடுத்தவர் என் தங்கை கணவர். வேலை சுத்தமாகச் செய்பவர். "நான் நாள் முழுக்க மேல பாக்குறேன், நீங்க கீழ பாக்குறீங்க. கழுத்து வலி மட்டும் ரெண்டு பேருக்கும் பொது" என்று என்னிடம் வேடிக்கையாகச் சொல்வார். விளக்கு மாட்டிய அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் அவர் எனக்கு போன் செய்தார்.

"அக்கா, நீங்க காட்டின இடத்துல ட்ரில் போட்டா ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல பொத்துன்னு உள்ள போகுது. பீம் மாதிரி தெரியல. கொஞ்சம் படத்தைத் திறந்து பாருங்களேன்."

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறையின் படத்தில் இருந்தேன். அதை மூடிவிட்டு இதைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகும். "படத்துல உள்ளபடி போடுங்க மாப்ள. எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றேன். "நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார். பேசியது நாற்பத்தெட்டு விநாடி என்று என் போனில் இருக்கிறது.

அதன் பிறகு இருபத்து மூன்றாம் நாள் காலை பதினொன்றேகால் மணிக்கு விளக்கு விழுந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் அங்கேயே இறந்துவிட்டார். அவரை எனக்கு முன்பின் தெரியாது. அன்று மதியம் முதலாளியோடு நானும் போனேன். மேசைக்கு அடியில் அந்தப் பெண் செருப்புகளைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தார். அண்ணாந்து பார்த்தபோது ஓட்டையும் உடைந்த கற்களும் தெரிந்தன. பீம் இடப்பக்கம் ஒரு கை நீளத்துக்கு அப்பால் முழுசாக இருந்தது.

மறுநாள் காலை முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, பீம் லேயரைப் போட்டு, விளக்கைப் பழையபடி பீமுக்கு நகர்த்தி வைக்கச் சொன்னார். "நம்ம படம் சரி, மாட்டினவன்தான் தப்பு பண்ணிட்டான்னு ஆயிடும்" என்றார். "மாட்டினவர் என் தங்கச்சி வீட்டுக்காரர் சார்" என்றேன். "தெரியும். அந்தக் குடும்பத்தை நான் பாத்துக்கறேன். நீ மாத்து" என்றார். நான் மாற்றினேன். மணி ஒன்பது நாற்பது. தங்களிடம் இருப்பது அப்படி மாற்றிய படம். அதன் பிறகு என் தங்கை கணவரைக் கைது செய்தார்கள்.

நேற்று மாலை தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "வக்கீல் கேட்டாக்கூட 'நான்தான் மாட்டினேன்'னு ஒரே பல்லவி பாடுறாருக்கா. யார்கிட்டயோ கேட்டுட்டுத்தான் மாட்டினாராம், கூட இருந்தவங்க சொல்றாங்க. யாருன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறாரு. உனக்காவது சொன்னாராக்கா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன். அவளும் ஒரு துண்டை எடுத்து எனக்கு மடித்துக் கொடுத்தாள். அவள் போன பிறகு மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார், சாப்பிட்டேன்.

அந்த வியாழக்கிழமை அனுப்பிய மின்னஞ்சலையும் அதிலுள்ள பழைய படத்தையும் அச்செடுத்துக் கொண்டு வந்து ஒப்படைத்திருக்கிறேன். இங்கே வருவதை முதலாளியிடமோ கணவரிடமோ சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை. வக்கீல் வழியாக இதன் நகல் அவள் கைக்குப் போகும் என்று அறிவேன்.

மேற்கண்டவற்றை எழுதிய அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். போன் வந்ததைச் சொல்லும் இடத்தில் "கவனக்குறைவால் பார்க்கத் தவறிவிட்டேன்" என்று எழுதியிருந்தது. அப்படி இல்லை, அவர் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கவில்லை என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா? உங்களுக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன்" என்றார். ஒன்று இல்லை என்றேன். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, நான் பேசியதை அப்படியே எழுதினார். அடித்த இடத்தின் ஓரத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மீதி எதையும் மாற்றச் சொல்லவில்லை. இதில் உள்ள அனைத்தும் நான் கண்டதும் செய்ததுமே. யார் வற்புறுத்தியும் சொன்னதல்ல.

(ஒப்பம்)