பினாங்கு ஸ்னோவும் பயத்தமாவும்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், முன் ஸீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மூஞ்சிக்குப் பூசுற அந்த ஸ்னோவை எருமைக் காம்பு வெடிப்புல தடவிட்டேன். அதுக்கு நல்லாத்தான் கேக்குது."

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். வழுக்கைக்கு ஏழு பாட்டில் தைலம் தடவிப் பார்த்தவனுக்கு இது சொந்த விஷயம் மாதிரி.

பேச்சிலிருந்தே உறவு புரிந்தது: பேசியது அண்ணி. பக்கத்தில் நாத்தனார். அண்ணியின் கணவர் மூன்று வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு அன்று ரயிலில் வந்து இறங்குகிறார்.

"எங்க அண்ணன் ஆசையா அனுப்புனதை எருமைக்கா போட்டீங்க?"

"ரெண்டாம் நாளே மூஞ்சியெல்லாம் பொரிபொரியாக் கெளம்பிருச்சேடி. அப்புறம் அரையணாப் பயத்தமாவுலதான் அடங்குச்சு."

"இப்ப பளிச்சுன்னுதானே இருக்கீங்க, அண்ணி?"

"அதான் பயமா இருக்கு. பாத்ததும், ஸ்னோ நல்லா வேலை செஞ்சிருக்கேம்பாக. நானும் கடுதாசியில அப்படித்தான் எழுதிவச்சிருக்கேன்."

"அப்ப ஆமான்னு தலையாட்டிருங்க. அண்ணனுக்கும் சந்தோசம்."

"ஆட்டுனா அடுத்த தடவை ஒரு டஜன் வரும்."

"இல்லைன்னா மனசு ஒடிஞ்சுபோகும். எங்க அண்ணனை எனக்குத் தெரியாதா?"

ஸ்டேஷனுக்கு இறங்குபவர்களைக் கண்டக்டர் கூப்பிட்டார். அண்ணி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லிருறேண்டி. மூணு வருசமா நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே எழுதிட்டேன். பக்கத்துல வந்தப்புறமாவது உள்ளதைச் சொல்லிக்கிறேனே."