கழுத்தளவு தண்ணீர்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் காலைப் பாசஞ்சரில் எனக்கு எதிர் இருக்கையில் ஒரு கணவன், மனைவி, ஏழு வயது மகள். மேலே கயிறு கட்டிய பெரிய பெட்டி. இரண்டு மாத விடுப்பு முடிந்து கணவர் துபாய்க்குத் திரும்புகிறார். மகளிடம் நான்காவது முறையாக, "பாப்பா அழக் கூடாது, சரியா?" என்றார்.

சிறுமி அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு எவ்வளவு தண்ணி நிக்குது?"

அவர் மனைவியிடம் திரும்பினார். "என்ன கேக்குறா இவ?"

"வயல்ல தண்ணி பாக்குற மாதிரிதாங்க. கோவமோ அழுகையோ வந்தா கணுக்காலா, முழங்காலா, கழுத்தான்னு அளவு சொல்லணும். கழுத்துக்கு வந்துட்டா மடையத் தொறந்துடணும், அழுதுடணும். நீங்க இல்லாதப்ப நாங்க ரெண்டு பேரும் இப்படித்தான் ஓட்டுறோம்."

அவர் சிரித்தார். "எனக்கெல்லாம் வறண்டு கெடக்கு பாப்பா."

"பொய். உங்க தாடை ஆடுது."

ரயில் ஆலக்குடியைத் தாண்டியது. வெளியே புதிதாக நட்ட வயல்களைப் பார்த்தபடியே அவர், "கழுத்துடா" என்றார்.

"அப்ப தொறந்து விடுங்கப்பா. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

அத்தனை பேருக்கு முன்னால், முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அந்த மனிதர் அழுதார். சுண்டல் விற்பவர் குரல் கொடுக்காமல் கடந்துபோனார். சிறுமி அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் கேட்டார்: "உனக்கு எவ்வளவுடா?"

"எனக்கும் கழுத்துதாம்ப்பா. நீங்க முடிங்க, அப்பறம் நான்."