நாங்களும் கை காட்டினோம்

யார் கை காட்டினாலும் பதிலுக்குக் கை காட்டிவிடுவது என் வழக்கம். ரயில் ஜன்னலில் முகம் தெரியாத குழந்தை காட்டினாலும் சரி, சும்மா இருக்க மனசு கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டிவிட்டுத்தானே விசாரிக்க எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பயிற்சிக் கப்பலில் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வெயிலில் மேல்தளத்து இரும்பு கொதிக்கும். பிள்ளைகள் பலகையைப் பார்த்தபடியே தூங்கி வழிவார்கள். ஒருத்தி மட்டும் நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குவாள். முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருந்தேன், செல்லமாகத்தான். கடலில் ஆபத்தில் மாட்டியவர்கள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துவார்கள் என்று நான் நடத்தியபோது, எழுந்து நின்று அழகாகச் செய்து காட்டியவளும் அவள்தான்.

அன்று மதியம் கேப்டன் காய்ச்சலில் படுத்திருந்தார். கப்பல் என் பொறுப்பில் இருந்தது. தொலைவில் எஞ்சின் நின்றுபோன ஒரு மரப்படகு தெரிந்தது, அதில் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் கைகளை நீட்டி உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே பண்றாங்க" என்றாள் முந்திரிக்கொட்டை.

நான் யோசித்தேன். முன்பு சரக்குக் கப்பலில் இருந்தபோது இப்படி ஒரு கூட்டத்தை ஏற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். எந்தத் துறைமுகமும் எங்களை உள்ளே விடவில்லை. பழி முழுக்க என் தலையில் விடிந்தது. கேப்டனாக வேண்டியவன் வாத்தியாராகி நின்றேன். அந்தப் பாடு இன்னொரு தடவை பட எனக்குத் தெம்பில்லை. தவிர, குடிதண்ணீரை அளந்து ஊற்றும் கப்பல் எங்களுடையது. என் பிள்ளைகளின் தண்ணீரை எடுத்து யாருக்கோ கொடுக்க எனக்கு என்ன உரிமை?

"மீன் பிடிக்கிறவங்கம்மா. பொழுது போகாம நமக்குக் கை காட்டுறாங்க. நீங்களும் காட்டுங்க, பாவம்" என்றேன்.

"வலையே இல்லையே சார்."

"எல்லாம் உனக்குத்தான் தெரியுமோ? கையைத் தூக்கு."

பிள்ளைகள் வரிசையாக நின்று கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

பைனாகுலர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் பிறகு நடந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். பார்த்துவிட்டார்கள், வந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. எல்லோரும் கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் துணிமணிகளை மூட்டை கட்டினார். ஒரு அம்மா தன் மகளுக்குத் தலை வாரிப் பின்னத் தொடங்கினாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

அதன்பிறகு முந்திரிக்கொட்டை வகுப்பில் கை தூக்கியதே இல்லை. உங்களிடம் வந்து சொன்னதும் அவளாகத்தான் இருக்கும். எனக்கு அவள்மேல் கோபமில்லை, கெட்டிக்காரப் பெண்.

அந்தப் பக்கம் அப்புறம் வேறு கப்பலே போகவில்லை என்றீர்கள். படகு கிடைத்தபோது எடுத்த புகைப்படத்தை மேஜையில் வைத்தீர்கள். நன்றாகவே பார்த்தேன். ஒருவரும் உயிரோடு இல்லை. தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போனேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூட்டையை யாரும் அவிழ்க்கவில்லை. அந்தச் சிறுமியின் பின்னல்கூடக் கலையவில்லை. கடைசிவரை நம்பிக்கையோடு இருந்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தது நான்தான் என்பதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளவே இல்லை.