மாந்தோப்பு என்று எழுதியிருந்த இடம்

"ஹலோ... ஹலோ, கிருபா, கேக்குதா?... ஆங், பூட்ட அப்பவே ஒடச்சிட்டேன்... சாவி உன்கிட்ட கீது, வேற இன்னா பண்றது?... சரி, சரி, அத்த விடும்மா. பீரோ சாவி எங்க, அத்தச் சொல்லு."

தியோடர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காலில் இடறிய கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். காலையில் தங்கச்சி வீட்டுப் பூட்டை அதால்தான் உடைத்திருந்தார். வெளியே ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. மணி பத்தே கால். பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

"மொளகாத்தூள் டப்பாவுலயா?... உள்ள கைய விட்டா?... ஆமா, கீது. கெடச்சிச்சு."

பீரோவைத் திறந்தார். சேலைகளை அப்படியே அள்ளிப் போர்வையில் கொட்டினார். கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்த நகை டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று கிருபாபாய் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ எடுத்தார்.

அவள் பத்து நாளாக இங்கே இல்லை. மகள் கேசியாவின் பிரசவத்துக்காகத் திருப்பதியில், ஏழாவது மாடிப் பிளாட்டில் இருந்தாள். இன்றைக்குக் காலை ஏழரை மணிக்கு அண்ணன் போன் போட்டு, உன் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று சொன்னதும், கட்டிய சேலையோடு இறங்கி வந்து பஸ் பிடித்தாள். இடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். ஒரு தடவை உள்ளே போய் நின்று பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"இப்ப எங்க கீற?... இன்னும் சந்திரகிரி தாண்டலியா?... நான் கத்தலம்மா. சத்தத்துல சொல்றேன்."

தியோடர் முப்பது வருஷம் திருப்பதி சித்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சந்திரகிரியிலிருந்து இந்தப் புத்தலப்பட்டுக்கு ஐம்பது நிமிஷம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கணக்கெல்லாம் இப்போது செல்லாது. வழி நெடுக ரோட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் அபார்ட்மென்ட் விளம்பரத் தட்டிகள். புதுச் சாலை முடிந்தால் திருப்பதி இருபதே நிமிஷம் என்று ஒவ்வொரு தட்டியிலும் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. அந்தச் சாலைக்காகத்தான் பஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சாலைக்காகத்தான் வீடும் போகிறது.

"எறங்கி ஆட்டோ புடிக்கிறியா?... ஆட்டோ மட்டும் பறந்தா வரும்? பேசாம உக்காரு... காலைல எதுனா துன்னியா?... ஒரு டீயாவது?... சரி, சரி, அழாத. பஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினார். மறுமுனையை இன்னொருவர் தூக்கினார். இருவருமாக வாசல் தாண்டி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார்கள்.

"யாரா?... ஆளுங்க கீறாங்கம்மா, ஒத்தாசைக்கு... சபை ஆளுங்கதான்."

சொல்லிவிட்டு, கட்டிலைத் தூக்கி வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவள் இடிப்பு நோட்டீசைப் பற்றிக் கேட்டாள் போலிருக்கிறது. தியோடர் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டுனாங்க. உண்மதான்... அஞ்சு நாளாச்சு... ஏன் சொல்லலன்னா... கேசியாவுக்கு ரத்தம் ஏத்திக்கினு கீறாங்கன்னு நீதானே அழுத. அப்ப போயி இத்த எப்படிச் சொல்ல?... எப்படியாவது நிறுத்திடலாம்னு பாத்தேன் கிருபா. சத்தியமா பாத்தேன்."

பார்த்தார். ஐந்து நாளும் முதல் பஸ்ஸில் சித்தூர் போனார். கரண்டு பில், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு என்று ஒரு பை நிறையக் காகிதம். மேஜை மேஜையாக அதைப் பரப்பிக் காட்டிய கதையை இப்போது தங்கைக்குச் சொன்னார். எல்லா மேஜையிலும் ஒரே பதில்தான். ரெக்கார்டில் இந்த இடம் மாந்தோப்பு. தோப்பு மிஷன் பேரில் இருக்கிறது. தோப்புக்குள் வீடு இருந்தால் அது ஆக்கிரமிப்பு. மனு கொடுங்கள், பார்க்கிறோம். மனு வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார்கள். வேலை நிற்காது என்றார்கள்.

"மாமரமா? நீ கண்ணாலம் ஆகி வரசொல்லவே ஒண்ணும் கெடையாதே... ஆமா... ஆமாம்மா, துரை வாயால குடுத்த எடம்தான். யாரு இல்லன்னா?"

கிருபாவின் வீட்டுக்காரர் ஜாபேஸ் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கடைசி வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குக் கிளம்பும்போது, இங்கே வீடு கட்டிக்கொள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். அதுதான் பட்டா. கையெழுத்து எதற்கு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. துரை சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஜாபேஸ் முதலில் ஓர் அறை கட்டினார். கேசியா பிறந்தபோது இன்னொன்று. அடுப்படிக்கு ஓடு மாற்றி சிமென்ட் போட்ட வருஷம்தான் அவர் செத்துப்போனார். முப்பத்தொரு வருஷத்து வீடு.

வாசலில் நிழல் விழுந்தது. மஞ்சள் ஹெல்மெட் போட்ட சூப்பர்வைசர் தனசேகர். திருத்தணிக்காரர். தமிழ் பேசுகிறவர் என்பதால் தியோடர் காலையிலிருந்து அவரையே சுற்றிச் சுற்றி வந்தார். தங்கச்சி பாதி வழியில் இருக்கிறாள் என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

"கிருபா, லைன்லயே இரு... சார், இன்னும் பத்து நிமிஷம். நீங்களும் அக்கா தங்கச்சி கூடப் பொறந்தவருதானே."

தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறோம், நீங்கள் முன்னால் எடுத்துக்கொண்டிருங்கள், தன்னால் முடிந்தது அதுதான் என்றார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கொல்லைப்பக்கம் எதுவோ சரிந்து விழுந்த சத்தத்தில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

"இல்ல... இல்லம்மா, வீடு இல்ல. குளியல் ரூமு... குளியல் ரூமு மட்டும்தான். வீடு நிக்கிது. நான் உள்ளதான் கீறேன், பாரு, நான் உள்ளதான் கீறேன்... கிருபா, மூச்ச வுடு. பக்கத்துல யாராவது கீறாங்களா? அந்தம்மாகிட்ட தண்ணி வாங்கிக் குடி."

அவள் குடிக்கும்வரை காத்திருந்தார். அந்த நேரத்தில் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினார். ஆணி கையோடு வந்துவிட்டது.

பிறகு அவள், சாலை எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டாள். காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அதையே கேட்கிறாள்.

"மொதல்ல சர்ச்சு மேலதான் வந்துச்சு, ஆமா... அப்பால இந்தப் பக்கம் திருப்பிட்டாங்க... யாரு திருப்புனாங்கன்னா... அது கவர்மென்ட்டு வேல கிருபா, ஆயிரம் பேரு கீறாங்க... டிரங்குப் பெட்டில இன்னா வெச்சிக்கிற? கனமா கீதே?"

அவள் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. தியோடர் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"யாருன்ன?... கிருஷ்ணப்பாவா?... அவுரு தென்னந்தோப்பு தப்பிச்சிச்சுன்னா அதுக்கு அவுரா பொறுப்பு?... இல்லம்மா, அப்பிடியெல்லாம் பேசக் கூடாது... இன்னாது? போன் போட்டியா? எப்ப?... ஒம்பது மணிக்கா?... இன்னா சொன்ன கிருபா?... பேரப் புள்ளங்களையுமா சபிச்ச? அவுருகிட்டயா அத்தச் சொன்ன?"

நிமிர்ந்து பார்த்தார்.

டிரெய்லரில் கட்டிலுக்குக் கீழே பாத்திர மூட்டையைச் சரித்து வைத்துக்கொண்டிருந்தார் கிருஷ்ணப்பா. பக்கத்துக் கொல்லைக்காரர். எட்டு மணிக்கு யாரும் கூப்பிடாமல் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவர். ஒன்பது மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார், ஒரு வார்த்தை பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வந்து அரிசி டிரம்மைத் தூக்கினார். அது யார் போன் என்று தியோடர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் தையல் மெஷினைத் தனியாகத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார், பழைய சேலையைச் சுற்றி, ஆடாமல் கயிறு போட்டுக் கட்டினார்.

"அன்னா," என்று தெலுங்கில் கூப்பிட்டார் தியோடர், போனை மார்பில் அமுக்கிக்கொண்டு.  கிருஷ்ணப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். இன்னும் என்ன இருக்கிறது என்று புருவத்தால் கேட்டார்.

போனில் அவள் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.

"கீறேம்மா... கீறேன், சொல்லு... பஸ்ஸு நகருதா?... நகரலியா."

மணி பதினொன்று அடிக்க ஏழு நிமிஷம். வர முடியாது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. குரல் தணிந்துதான் கேட்டாள். தியோடர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஜெபமா?... இப்பவா?... பாஸ்டர வரச் சொல்லட்டுமா?... இல்ல, ஞாபகம் கீது. வீட்டுப் பிரதிஷ்டைக்கு நான்தான் ஜெபம் பண்ணேன். அந்த ஒத்த ரூமுல... சரி. சரிம்மா. நானே பண்றேன்."

தனசேகரிடம் கையைக் குவித்து ஜாடை காட்டினார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், ஓட்டுநரைப் பார்த்துக் கை ஆட்டினார். ஜேசிபி அடங்கியது. காலையிலிருந்து இருந்த இரைச்சல் நின்றதும் வீடு திடீரென்று ரொம்பக் காலியாகத் தெரிந்தது. தியோடர் முன் அறையின் நடுவில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார்.

"பரலோகப் பிதாவே... இந்த வீட்ட எங்களுக்குத் தந்ததுக்காக... இந்த வீட்டுல..."

அவள் குறுக்கே ஏதோ சொன்னாள்.

"ஆங்?... யாருக்காக?... கிருஷ்ணப்பாவுக்காகவா?... சாபம் குடுத்தது தப்புன்னு... அவுர மன்னிச்சிட்டேன்னு சேத்துச் சொல்லணுமா?"

கண்ணைத் திறந்தார். வாசலில் கிருஷ்ணப்பா தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு ஜெபத்துக்கு இத்தனை வருஷமாக எப்படி நிற்பாரோ அப்படி.

"வேணாம் கிருபா."

"...இல்ல. அவுரு பேரு வேணாம். அவுரு ஒண்ணுமே பண்ணல. உன் சாமானெல்லாம் அவுரு டிராக்டர்லதான் ஏறிக்கினு கீது... ஆமா, எட்டு மணிலேந்து. சபை ஆளுங்க ஒருத்தரும் வரல. நான்தான் பொய் சொன்னேன்... கேளு. நீ குறுக்க பேசாத. நான் சொல்லி முடிச்சிட்றேன், அப்பால நீ இன்னா வேணும்னாலும் சொல்லு."

போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"போன அக்டோபர்ல சர்ச்சக் காப்பாத்தணும்னு ஆட்சேபணை குடுத்தோமே. சபை செயலாளருன்னு கையெழுத்துப் போட்டது நான். சும்மா மனு குடுத்தா எடுபடாது, பழைய ஆதாரம் இருந்தா குடுங்கன்னாங்க. மிஷன் பீரோவுல தேடுனேன். துணில ஒட்டுன மேப்பு ஒண்ணு கெடச்சிச்சு. நைனா பொறக்கறதுக்கு முன்னால வரஞ்சது. அப்ப இருந்த துரை கையெழுத்து, சீலு, எல்லாம் கீது. இங்க சர்ச்சு, கெழக்கால மாந்தோப்புன்னு போட்டிருந்துச்சு. கெழக்கால காலி எடம்தான், ரோட்ட அப்படித் திருப்பிக்குங்கன்னு எழுதி, அந்த மேப்பையும் வெச்சுக் குடுத்தேன்... ஆமா. நான்தான்... சர்ச்சு தப்பிச்சதுக்கு வெச்ச ஸ்தோத்திர ஆராதனைல எனக்குச் சால்வ போத்துனாங்களே, அதுக்குத்தாம்மா. நீ ஒரு குண்டான் கேசரி கிண்டி எடுத்தாந்த."

தனசேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிருஷ்ணப்பா அசையவில்லை.

"ஆபீசருங்க வந்து பாக்கசொல்ல வீடு கண்ணுல படும், அவங்களே வளச்சிக்கினு போவாங்கன்னு நெனச்சேன். அவங்க எடத்தப் பாக்கல, காகிதத்தப் பாத்தாங்க... பேனா சட்டப் பையிலதான் இருந்துச்சு கிருபா. கெழக்கால ஒரு சின்னக் கட்டம் போட்டு ஜாபேஸ் வீடுன்னு எழுதியிருந்தா போதும். துரை கையெழுத்துப் போட்ட காகிதம். அதுல போயி என் பேனாவ வெக்கிறதான்னு... கிறுக்குனா செல்லாமப் போயிடும்னு... கை வரல."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. அவள் அழாமல்தான் கேட்டாள்.

தியோடர் சுவரில் கை வைத்தார்.

"மறந்து போயி இல்லம்மா... இல்ல. வீடு அதுல இல்லன்னு பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

போன் அறுந்தது.