ஸ்டாக்ஹவுஸ் யாரை ஜெயிச்சான்?

...டம்மியாம்மா, டம்மி! எங்க வீட்டுக்காரரை! அதுவும் என் மூஞ்சிக்கு நேராவே சொல்றான் அந்த ரேடியோக்காரன் ஃபின்னர்ட்டி... கொஞ்சம் நகந்து உக்காரும்மா, உன் பையை மடியில வெச்சுக்க. ஆங். நர்ஸா நீ? ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்கா? அப்ப கண்ணை மூடிக்க தாயி. நான் தொந்தரவே பண்ண மாட்டேன்.

ஸ்டாக்ஹவுஸ் தெரியுமில்ல உனக்கு? டெல்மர் ஸ்டாக்ஹவுஸ், குத்துச்சண்டையில உலக ஹெவிவெயிட் சாம்பியனா இருந்தவன். ஃபிலடெல்பியாவுல பஸ் ஏறிட்டு அவனைத் தெரியாதுன்னு சொல்லாதே... தெரியாதா? சரி விடு, உன் வயசு அப்படி. முப்பத்தெட்டு சண்டை போட்டான், முப்பத்தெட்டும் ஜெயிச்சான். பெரிய பெரிய வீரருங்க பேரை வெக்கற கௌரவ மண்டபத்துல அவன் பேரையும் சேக்கறதா வேண்டாமான்னு அடுத்த வாரம் ஓட்டு. ஓட்டுப் போடற பெரிய மனுசங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்களாம்: ஜெயிச்சே, சரி. யாரை ஜெயிச்சே?

இந்த ஃபின்னர்ட்டி இருக்கானே, தெனம் காலையில ரேடியோவுல பட்டியல் வாசிக்கறான். ஒம்பதாவது ஆளு, பார் வாசல்ல நின்ன தடியன். பன்னெண்டாவது, அதுக்கு முன்னாடியே வரிசையா ஏழு தோத்தவன். இருபத்தொண்ணாவது, லெமுவேல் பர்னெல், ரொட்டி வண்டி டிரைவர். அதைச் சொல்லிட்டு ஒரு சிரிப்பு. ஹீ ஹீன்னு. நான் இங்க முட்டை பொரிச்சிட்டிருக்கேன், எங்க வீட்டுக்காரரு எதிர்ல உக்காந்து காப்பி குடிக்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு?

இவனுங்க நியாயம் எனக்குப் புரியவே இல்லம்மா. சாம்பியன் வயசானவனை அடிச்சா, கெழவனை அடிச்சான். சின்ன வயசுக்காரனை அடிச்சா, பச்சைப் புள்ளையை அடிச்சான். ஒசரமா இருந்தா ஒட்டடைக்குச்சி, குள்ளமா இருந்தா குள்ளம். சண்டைக்கு மொத நாள் வரைக்கும் 'பயங்கரமான ஆளு'ன்னு பேப்பர்ல எழுதுவான். விழுந்தா மறுநாள் காலையில அவனே டம்மி. அப்ப நல்ல ஆளுன்னா யாரு? சாம்பியன் அடிச்சும் விழாதவன். விழலைன்னா இவன் எப்படி சாம்பியன்? ...என்ன? தூங்கலையே? சரி.

இதுல ஸ்டாக்ஹவுஸ் யோக்கியன்னு நெனைக்காதே. சண்டைக்கு முன்னாடி அவன் பேப்பர்ல என்ன சொன்னான் தெரியுமா? 'ரொட்டிக்காரனை டோஸ்ட் போட்டு, வெண்ணெய் தடவித் தின்னுட்டு வந்துடறேன்'னான். அதுக்கப்புறம் முப்பத்திமூணு வருஷம், ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து கெடையாது. மூணு வருஷம் முன்னாடி எங்காளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, அதுக்கும் வந்து எட்டிப் பாக்கலை. போன செவ்வாக்கிழமை நான் மீனை எண்ணெயில போட்டிருக்கேன், போன் அடிக்குது. 'சிஸ்டர் ஒடெஸ்ஸா!'ங்கறான். நான் அவனுக்கு சிஸ்டராம்! 'உங்க லெமுவேல் அடிச்ச மாதிரி என்னை யாருமே அடிச்சதில்லை, ரேடியோவுல வந்து அதைச் சொல்லச் சொல்லுங்க'ங்கறான்.

எனக்கே கொஞ்சம் மனசு குளுந்து போச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அந்த ஒம்பதாவது ஆளோட பொண்டாட்டியைப் பாத்தேன். அவளுக்கும் போனாம். 'உங்க வீட்டுக்காரர் அடிச்ச மாதிரி என்னை யாருமே அடிச்சதில்லை.' கேட்டியா கதையை! எல்லாரையும் குப்பைன்னு சொல்லித்தான் சாம்பியன் பெல்ட்டு மாட்டினான். இப்ப அந்தக் குப்பையை ஒவ்வொண்ணா எடுத்துத் தொடைச்சுத் தங்கம்னு காட்டணும் அவனுக்கு.

எங்காளுக்கு வாய் கொழறும், ரேடியோவுல பேச முடியாது. அதனால நான் போனேன். ஈஸ்டருக்கு வாங்கின இந்தத் தொப்பியைப் போட்டுக்கிட்டு. ரேடியோவுக்கு எதுக்குத் தொப்பின்னு கேக்காதே. அங்கிருந்துதான் இப்ப வர்றேன்.

போனதும் ஃபின்னர்ட்டி, 'மிசஸ் பர்னெல், உங்க வீட்டுக்காரர் டம்மிதானே?'ங்கறான். வுடுவேனா? எடுத்து வுட்டேன் பாரு. 'இருய்யா. அந்தச் சண்டைக்கு வேற ஒருத்தன் வர வேண்டியது. அவன் கை ஒடைஞ்சு போச்சுன்னு, ஒம்பதே நாள் இருக்கறப்ப என் புருஷனைக் கூப்பிட்டாங்க. காலையில மூணு மணிக்கு எழுந்து ரொட்டி போட்டுட்டு, வண்டியை நிறுத்திட்டு ஆறு மைல் ஓடினாரு. ஒம்பது நாளும் ஓடினாரு. அட்லாண்டிக் சிட்டிக்கு எங்க பழைய கார்ல, நான்தான் ஓட்டிட்டுப் போனேன்'னேன்.

அப்புறம் சண்டையைச் சொன்னேன். மொத ரவுண்டுல எங்காளு இடது கையாலயே அவன் மூக்கைத் தட்டித் தட்டி, கிட்டவே வர வுடலை. ரெண்டாவதுல ஸ்டாக்ஹவுஸுக்கு ஒரு கண்ணு வீங்கிருச்சு. மூணாவதுல வாயத் தொறந்துட்டான். ஹெவிவெயிட் வாயத் தொறந்துட்டான்னா பெட்ரோல் தீந்துருச்சுன்னு அர்த்தம். அவனோட மேனேஜர் மூஞ்சி தவுடு மாதிரி ஆயிருச்சு. ஃபின்னர்ட்டி சிரிக்கலை இப்ப. ஏதோ காகிதத்தைப் பொரட்டிப் பாத்துட்டு, 'ஆமா, ரெண்டு ஜட்ஜு கணக்குல பர்னெல்தான் முன்னாடி இருந்திருக்காரு'ங்கறான். அவன் வாயாலயே! பத்து நிமிஷம்மா... பத்தே நிமிஷத்துல என் புருஷனை ஆளாக்கிட்டேன்.

அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும்.

'அப்படின்னா நாலாவது ரவுண்டுல அவர் ஏன் குனிஞ்சு பாத்தாரு?'ன்னு கேட்டுட்டான்.

அந்தப் படம் நீ பாத்திருக்க மாட்டே. ஊரே பாத்திருக்கு. ஸ்டாக்ஹவுஸ் கயித்துல சாஞ்சு நிக்கறான், கை ரெண்டும் தொங்குது. இன்னும் ரெண்டு குத்து வுட்டா முடிஞ்சுது. எங்காளு கையை ஓங்கறாரு... ஓங்கினவரு சட்டுனு குனிஞ்சு காலைப் பாக்கறாரு. நடு சண்டையில! அப்ப வந்துச்சு அவன் இடது கை. அவ்வளவுதான். 'ஷூ பாத்த பர்னெல்'னு பேரே வெச்சுட்டானுங்க. மளிகைக் கடையில கூட எவனாவது குனிஞ்சு காட்டுவான். இவரு சிரிச்சுக்கிட்டே, 'அவன் காலை எங்க வெக்கறான்னு பாத்தேன்ப்பா'ன்னு சொல்லிட்டு வந்துடுவாரு. வேற ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நானும் சொன்னதில்லை... இன்னைக்குக் காலையில வரைக்கும்.

நான்தாம்மா கத்தினேன். மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். அவரு ஷூ லேஸு அவுந்து தொங்கற மாதிரி தெரிஞ்சுது. கால்ல மிதிச்சு விழுந்துடுவாரேன்னு பதறிப்போயி, 'லெமுவேல்! லேஸு! லேஸு!'ன்னு... நான் சர்ச்சுல மைக் இல்லாமப் பாடறவ. கடைசி பெஞ்சுல இருக்கற செவிட்டுத் தாத்தாவுக்கும் கேக்கும். கத்தினேன், குனிஞ்சாரு, விழுந்தாரு.

அதை அந்த மைக்குல சொல்லிட்டேன்மா. அவரு முட்டாள் இல்லைன்னு காட்டணுமேன்னு வாய் தானா தொறந்துக்குச்சு. ஃபின்னர்ட்டி மேசையைத் தட்டறான்! 'கேட்டீங்களா மக்களே, ஸ்டாக்ஹவுஸ் இவரையும் ஜெயிக்கலை! பர்னெலை நாக்-அவுட் பண்ணது மிசஸ் பர்னெல்!' அப்புறம் மெத்தை விளம்பரம் போட்டுட்டான். வெளியில வந்தா அங்க இருக்கற ஆபீஸ் பொண்ணு சொல்லுது, எனக்கு அடுத்துப் பேசறதுக்கு ஸ்டாக்ஹவுஸ் போன்ல காத்திருந்தானாம், இதைக் கேட்டதும் 'அந்தப் பொம்பளையை யாரு கூப்பிட்டது?'ன்னு கத்திட்டு வெச்சுட்டானாம். நீதானேடா கூப்பிட்டே!

அவன் கெடக்கறான். வீட்டுல இவரு சமையக்கட்டு ரேடியோவைப் போட்டுட்டு உக்காந்திருப்பாரு. நான் கத்தினது அவருக்குக் கேட்டிருக்காதுன்னு முப்பத்திமூணு வருஷமா மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். கேட்டுச்சான்னு கேக்க தைரியம் வரலை. இப்ப எந்த மூஞ்சியோட கதவைத் தொறப்பேன்? என் ஸ்டாப் போயி ஆறு ஸ்டாப் ஆச்சு, தெரியுமா உனக்கு?

இதோ, போன் மறுபடி அடிக்குது. அவருதான், அஞ்சாவது தடவை. எடுக்கணுமா?... நீ சொன்னா சரி... உன் ஸ்டாப்பா? சரி, நீ போம்மா, போயித் தூங்கு. நான் எடுக்கறேன்.

ஹலோ... ம். பஸ்ல இருக்கேன்... ஆமா, சொல்லிட்டேன். வாய் நிக்கலை... மெதுவாச் சொல்லுங்க, எனக்குப் புரியலை... எந்தக் கால்லன்னா? வலது கால்னு நெனைச்சேன்... ரெண்டையும் பாத்தீங்களா? இறுக்கமா இருந்துச்சா? ரெண்டுமா? அய்யய்யோ! அப்ப நான் எதைய்யா பாத்தேன்?

...யாரோடது? ஸ்டாக்ஹவுஸோடதா!

...விழுந்து கெடக்கறப்பப் பாத்தீங்களா. அவன் மூலைக்கு நடந்து போறான்... லேஸு ரெண்டு பக்கமும் இழுபட்டுக்கிட்டே போகுது... ம். அதையே பாத்துக்கிட்டிருந்தீங்களா, ரெஃபரி பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும்! அட மனுஷா. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல இத்தனை வருஷத்துல?

...ம்.

...ஆமா. சொல்லியிருந்தா, நான் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

...இல்லய்யா, அழலை. பஸ்ஸு குலுங்குது. எறங்கி எதுத்தாப்புல வர்ற பஸ்ஸைப் புடிச்சு வர்றேன். அந்த ரேடியோவை அமத்துங்க மொதல்ல.